சீமெந்து நிலமும் தேவ அழைத்தலும்

மல்லாவியில் எங்கள் தேவாலயம் முன்பு நெற்களஞ்சியமாக இருந்தது. தொண்ணூற்றாறில் முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஓடிவந்த எங்களிடம் வலை இருந்தது, கடல் இல்லை. சுரூபம் இருந்தது, கோயில் இல்லை. ஏதோ ஒரு சங்கம் பாவிக்காமல் விட்டிருந்த களஞ்சியத்தைப் பங்குச் சுவாமியார் கேட்டு வாங்கினார். மேசை ஒன்றைப் போட்டு, மேலே சிலுவையைத் தொங்கவிட்டதும் அது கோயிலாகிவிட்டது. எலிகள் மட்டும் அதை ஏற்கவில்லை.

அந்தக் கோயிலில் எனக்குப் பிடித்தது நிலம். வழுவழுப்பான சீமெந்து நிலம். மத்தியான வெயிலிலும் குளிர்ந்து கிடக்கும். எங்கள் குடியிருப்பில் நூற்றுச் சொச்சம் கொட்டில்கள் இருந்தன. எல்லாம் மண் நிலம். சீமெந்து வன்னிக்குள் வருவதற்குத் தடை. ஆகவே சீமெந்தில் படுக்க வேண்டுமென்றால் ஆண்டவரிடம்தான் போகவேண்டும்.

நான் மாதத்தில் மூன்று நாள் போனேன்.

பதினான்கு வயதிலிருந்து எனக்கு மாதவிடாய் நோ. எல்லாப் பெண்களுக்கும் வருவதுதானே என்று சொல்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இருபது பேர் கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து இழுப்பார்கள். என் அடிவயிற்றில் அப்படி ஒரு வலையைப் போட்டு, முதுகுப் பக்கம் நின்று இழுத்தார்கள். மலங்கழிக்கப் போனால் இன்னும் இருபது பேர் வந்து சேர்ந்துகொள்வார்கள். சத்தி வரும், கால் விறைக்கும். சண்டைகூட இடையிடையே ஓய்ந்தது. இது பன்னிரண்டு வருடத்தில் ஒரு மாதமும் ஓயவில்லை.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. முதலாவது டொக்டர் வாய்வு என்று வெள்ளைத் தண்ணி தந்தார். இரண்டாவது டொக்டர் குடல்வால் என்று அதை வெட்டி எடுத்தார். குடல்வால் போனது, நோ இருந்தது. மூன்றாவது டொக்டர் என் முகத்தைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துக் கலியாணம் கட்டிக்கொடுங்கோ, ஒரு பிள்ளை பிறந்தால் எல்லாம் சரியாகும் என்றார். அம்மாவுக்கு அவரைத்தான் பிடித்தது. அம்மாவின் பெயர் நேசமலர்; செலவில்லாத வைத்தியம் எதையும் அவர் நம்புவார்.

மாப்பிள்ளை வீட்டார் ஒட்டுசுட்டானிலிருந்து சைக்கிளில் வந்தார்கள். வந்த நாள் பதினேழாம் திகதி, மாதாமாதம் என் நோ தொடங்குகிற நாள். தேத்தண்ணித் தட்டோடு போன நான் மாப்பிள்ளையின் தாய்க்கு முன்னால் சத்தி எடுத்தேன். பெண்ணுக்கு ஏற்கெனவே ஏதோ நடந்துவிட்டது என்று அவர்கள் முடிவுகட்டித் தேத்தண்ணி குடிக்காமலே போனார்கள். சீனி மிச்சம் என்று அப்பா சொன்னார்.

ஒரு வருடம் ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்தேன். மாதத்தில் மூன்று இரவு நோயாளிகளைவிட நான் அதிகம் முனகியதால் நானே நின்றுகொண்டேன். ஆனால் அங்கே ஒரு மருத்துவிச்சி எனக்கு ஒன்று சொல்லியிருந்தார்: வவுனியாவில் பெண்களின் நோய்க்கென்றே படித்த பெண் டொக்டர் ஒருவர் இருக்கிறார், கை வைத்துப் பார்ப்பார், கதை கேட்பார். எனக்கு அதற்குமேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. ஆனால் வவுனியா ஆமியின் பக்கம். கலியாணம் கட்டாத இருபத்தாறு வயதுப் பெண் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். மூன்றாவது டொக்டர் எழுதித் தந்த கடிதத்தில் வயிற்றுவலி என்று மட்டும் இருந்தது. பாஸ் எழுதுகிற தம்பி அதை வாசித்துவிட்டு, எல்லாருக்கும்தான் அக்கா வயித்துவலி என்றார். அந்த வருடம், இரண்டாயிரமாம் ஆண்டு, அவர் சொன்னதில் பிழையில்லை.

இப்படி வழியெல்லாம் அடைபட்ட பிறகுதான் நான் கோயில் நிலத்துக்குப் போகத் தொடங்கினேன். பூசை இல்லாத நேரம் பார்த்து உள்ளே போவேன். பீடத்துக்கு முன்னால் வெடிப்பில்லாத ஒரு இடம் இருந்தது. அங்கே குப்புறப் படுத்து, வயிற்றை நிலத்தோடு அழுத்தி, கைகளை இரண்டு பக்கமும் விரித்துவிடுவேன். கைகளை விரித்தால் முதுகு கொஞ்சம் இளகும். குருப்பட்டம் பெறுகிறவர்களும் பீடத்துக்கு முன்னால் அப்படித்தான் கிடப்பார்கள் என்பது எனக்கு நினைவே வரவில்லை. நினைத்திருந்தால் சுவர்ப் பக்கமாகப் படுத்திருப்பேன்.

முதலில் கண்டது விமலேஸ்வரி அக்கா. எங்கள் கொட்டில்கள் அவருடைய காணியில்தான் இருந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து முந்தியே வந்து குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற குடும்பம், சைவம். கோயில் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, எங்கட ஆக்கள் கோயிலில உருளுவினம், உங்கட பிள்ளை உருளாமலே கிடக்குது, அது இன்னும் கஷ்டமான நேர்த்தியோ என்று அம்மாவிடம் விசாரித்தார். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் ஓம் என்றார். விமலேஸ்வரி அக்காவிடம் எதையும் இல்லை என்று சொல்லி அம்மாவுக்குப் பழக்கமில்லை, காணி அவருடையது.

ஒரு கிழமைக்குள் மல்லாவிச் சந்தைவரை கதை போய்விட்டது. வின்சன் சம்மாட்டியின் மகள் யூலிற்றா சாப்பாடு தண்ணியில்லாமல், முகம் வெளிற, கண்ணீர் வடிய, மணித்தியாலக் கணக்கில் தேவ சமூகத்தில் கிடக்கிறாள். ஒவ்வொரு சொல்லும் உண்மை. மெழுகுதிரி விற்பவள் எனக்குப் பக்கத்தில் இரண்டு திரியைக் கொளுத்தி வைத்துவிட்டுப் போனாள். ஒன்று என் தலைமயிரைக் கொஞ்சம் சுட்டது.

அதற்குப் பிறகு சிஸ்டர் ஆன்சலா வந்தார்.

சிஸ்டர் ஆன்சலா கன்னியர் மடத்துக்குப் பொறுப்பானவர். ஐம்பது வயது, பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். தீப்பெட்டிக்கும் சவர்க்காரத்துக்கும் சங்கக் கடையில் சண்டை பிடித்து வாங்கக்கூடியவர். நாலு வருடமாக மடத்துக்கு ஒரு பிள்ளையும் சேரவில்லை. அவர் எங்கள் கொட்டிலுக்குள் குனிந்து வந்து, அப்பாவின் ஒரே கதிரையில் இருந்து, உங்கட மகளுக்குத் தேவ அழைத்தல் இருக்கெண்டு நான் நினைக்கிறன் என்றார். அம்மா அழுதார். அப்பா வலை பொத்துவதை நிறுத்தவில்லை. அவர் வவுனிக்குளத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். கடலில் பிடித்தவர், குளத்து மீனை மீன் என்று சொல்லமாட்டார். அழைத்தலைப் பற்றியும் அவருக்கு அதே சந்தேகம் இருந்தது என்று நினைக்கிறேன்.

நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். சிஸ்டர் அதற்குள் அடுத்ததைச் சொல்லிவிட்டார். மடத்தில் சேர முன்னம் டொக்டரிடம் காட்டி உடம்பு நல்லது என்று கடிதம் எடுக்கவேண்டும். பெண் பிள்ளைகளைப் பெண் டொக்டரிடம்தான் காட்டுவார்கள். வவுனியாவில் ஒருவர் இருக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருக்கால் சிஸ்டர் அங்கே போய்வருகிறார், மடத்துக்கு வரப்போகிற பிள்ளை என்று சுவாமியார் கடிதம் தந்தால் பாஸ் கிடைக்கும், வாற பதினாறாம் திகதி புறப்பாடு.

"வாறியா பிள்ளை?"

"ஓம் சிஸ்டர்."

வாழ்க்கையில் நான் அவ்வளவு கெதியாக எதற்கும் ஓம் சொன்னதில்லை. சிஸ்டர் என் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார், சுட்ட தலைமயிருக்குப் பக்கத்தில்.

பாஸ் எழுதுகிற அதே தம்பி சுவாமியாரின் கடிதத்தை வாசித்துவிட்டு எழும்பி நின்றார். எனக்காகச் செபியுங்கோ என்றார். நான் அவருடைய வயிற்றுக்காகச் செபித்தேன்.

பதினாறாம் திகதி உழவு மெசின் இழுக்கிற பெட்டியில் பதினெட்டுப் பேர் ஏறினோம். அந்த முறை நோ ஒரு நாள் முந்திக்கொண்டு வந்தது. ரோட்டில் ரோட்டைவிடக் கிடங்குகள் அதிகம். மூன்றாவது கிடங்கிலேயே வலையை இழுக்கத் தொடங்கிவிட்டார்கள். ஐந்தாவது கிடங்கில் நான் வெட்கத்தை விட்டுப் பெட்டியின் தகரத்தில் குப்புற விழுந்து கைகளை விரித்தேன். பதினேழு பேரும் மரியாதையாக ஒதுங்கினார்கள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். ஒரு கோழிக்கூட்டை யாரோ தன் மடிக்கு எடுத்துக்கொண்டார். சிஸ்டர் செபமாலையைத் தொடங்க, எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். சைவக்காரரும் சொன்னார்கள். அந்த இரைச்சலில் நான் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. அந்தப் பிரயாணத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நிவாரணம் அதுதான்.

அடுத்த நாள் காலை டொக்டர் பத்மாசனிக்கு முன்னால் இருந்தோம். குள்ளமான பெண், கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுத் தேடுகிறவர். சிஸ்டர் எனக்குப் பக்கத்தில் நிமிர்ந்து இருந்து, இவா எங்கட மடத்தில சேரப்போறா, உடம்பு நல்லதெண்டு கடிதம் வேணும் என்றார். டொக்டர் என்னைப் பார்த்தார். நான் கதிரையில் ஒரு இறாலைப்போல வளைந்திருந்தேன்.

உடம்பு நல்லதோ என்று என்னையே கேட்டார்.

இல்லை என்றேன். அதற்குப் பிறகு வாயை மூட முடியவில்லை. பன்னிரண்டு வருடத்தையும் கொட்டினேன். டொக்டர் இடையில் மறித்து மறித்துக் கேட்டார். மாதவிடாய்க்கு எத்தனை நாள் முந்தித் தொடங்கும், மலம் போகும்போது நோகுமா, முதுகு எந்தப் பக்கம், குடல்வால் எடுத்த பிறகு குறைந்ததா. இவ்வளவு கேள்வி இருக்கிறது என்பதே எனக்குப் புதினமாக இருந்தது. படுக்கச் சொல்லி அடிவயிற்றில் ஒரு இடத்தில் விரலால் அழுத்தினார். நான் கட்டிலைவிட்டு எழும்பிப் பறந்தேன்.

"இதிலயா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாத சிரிப்பு. நாலு வருடம் இடம்பெயர்ந்து திரிந்த குடும்பத்தின் விலாசத்தை யாரோ ஒருவர் சரியாகச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி. ஓம், ஓம், அதிலதான், இன்னொருக்கா அமத்துங்கோ என்றேன். டொக்டர் தாதியைப் பார்த்தார். தாதி என்னைப் பார்த்தாள். நான் கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பெயர் இருக்கிறதாம். எண்டோமெற்றியோசிஸ். கர்ப்பப்பைக்குள் இருக்கவேண்டிய தோல் வெளியே அங்கங்கே ஒட்டி வளர்கிறது. மாதம் வந்தால் அதுவும் இரத்தம் கசியும், வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே கிடந்து புண்ணாக்கும். இது வாய்வும் இல்லை, கற்பனையும் இல்லை, கலியாணம் இதற்கு மருந்தும் இல்லை என்றார். உறுதியாகச் சொல்ல வயிற்றுக்குள் கமெரா விட்டுப் பார்க்கவேண்டும், அது கொழும்பில்தான், எங்கள் பாஸுக்கு அவ்வளவு தூரம் இல்லை. அதுவரைக்கும் மாதவிடாயையே வரவிடாமல் வைத்திருக்க ஒரு குளிசை இருக்கிறது. இந்த நோய் முழுசா மாறாது, ஆனால் அடக்கலாம். முதல் பெட்டியை இண்டைக்கே தொடங்கலாம் என்றார்.

பிறகு சிஸ்டரின் பக்கம் திரும்பி, அது கர்ப்பத்தடைக் குளிசை என்றார்.

அறையில் மின்விசிறி மட்டும் சுற்றியது. வன்னியில் கரண்ட் இல்லாததால் நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிஸ்டர் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப நீ அங்க கிடந்தது செபம் இல்லையா?"

"செபம்தான் சிஸ்டர். அந்த நோவில செபிக்காமல் வேற என்ன செய்யிறது?"

சிஸ்டர் எழும்பினார். போகப்போகிறார், என்னையும் இங்கேயே விட்டுவிட்டுப் போகப்போகிறார் என்று நினைத்தேன். அவர் டொக்டரின் மேசையிலிருந்து மருந்து எழுதிய துண்டை எடுத்து, எந்தப் பக்கத்தால போறது என்று கேட்டார்.

அந்தக் குளிசை குடும்பத்திட்டக் கிளினிக்கில்தான் கொடுத்தார்கள். இடுப்பில் பிள்ளையோடு நாற்பது பெண்கள் வரிசையில் நின்றார்கள். நான் மர வாங்கில் சுருண்டு கிடந்தேன். ஆகவே வரிசையில் நின்றது சிஸ்டர் ஆன்சலா. முக்காடு, சிலுவை, செபமாலை, எல்லாவற்றோடும். முன்னால் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக வழிவிட்டார்கள். இரண்டு நிமிடத்தில் சிஸ்டர் யன்னலுக்கு முன்னால் நின்றார். உள்ளே இருந்தவள் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு, கணவரின் பெயர் என்று கேட்டுவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கில்லை. ஆருக்கெண்டு துண்டில கிடக்கு. வாசிச்சிட்டுத் தாரும்."

ஆறு பெட்டி தந்தாள். அன்றைக்கே ஒரு குளிசையைப் போட்டேன். இரண்டு கிழமை சிஸ்டரோடு மடத்தின் வேலைகளுக்கு அலைந்தேன். குளிசை தலையைச் சுற்ற வைத்தது, வாய் கசந்தது. சிஸ்டர் தேவ அழைத்தலைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, போட்டிட்டியா என்று மட்டும் கேட்டார்.

திரும்பும்போது சோதனைச்சாவடியில்தான் வினை வந்தது. வன்னிக்குள் மருந்து கொண்டுபோக அனுமதி வேண்டும். டொக்டரின் கடிதம் இருந்தது, ஆனால் அது இங்கிலீசில் இருந்தது. பெண்களைச் சோதிக்கிற மறைப்புக்குள் ஒரு ஆமிக்காரப் பெண், இருபது வயது இருக்கும், பைகளைக் கொட்டினாள். என் பையில் உடுப்பு. சிஸ்டரின் பையில் வேதப்புத்தகம், வெள்ளை உடுப்பு, ஆறு பெட்டி குளிசை. சிஸ்டரின் பையைக் கிண்டமாட்டார்கள் என்று நாங்கள்தான் அங்கே மாற்றி வைத்திருந்தோம்.

அவளுக்கு அது என்னவென்று பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. பெட்டியைப் பார்த்தாள். சிஸ்டரைப் பார்த்தாள். திரும்பவும் பெட்டி.

"பபா எபாத?" என்றாள். பிள்ளை வேண்டாமா என்று கேட்கிறாள்.

சிஸ்டர் கண்டியில் படித்தவர். சிங்களத்தில் ஆறுதலாக, என்னைக் காட்டி, வயிற்றைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னார். கரைவலை இழுப்பதைக்கூடக் கையால் இழுத்துக் காட்டினார். அந்தப் பெண் எங்களை இருக்கச் சொல்லிவிட்டு இன்னொருத்தியைக் கூட்டிவந்தாள். இரண்டு பேரும் குசுகுசுத்தார்கள். அந்தப் பெட்டிகளைப் பறித்தால் பதினேழாம் திகதிகள் திரும்பி வரும். மாதத்துக்கு மூன்று நாள், வருடத்துக்கு முப்பத்தாறு நாள். நான் அதுவரை கணக்குப் பார்க்காமல் இருந்தது நல்லது என்று நினைத்தேன்.

முதலாவது பெண் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு சிஸ்டருக்குக் கிட்டே வந்தாள். குரலைத் தணித்து ஏதோ கேட்டாள். சிஸ்டரின் முகம் முதலில் சிவந்தது. பிறகு மூக்குக்கண்ணாடியைப் போட்டார். பெட்டியைத் திறந்து தட்டை வெளியே எடுத்து, இதில தொடங்கு, அம்புக்குறி போற பக்கம், ஒவ்வொரு நாளும் ஒரே நேரம், மறக்கக்கூடாது என்று விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். கடைசி வரிசையில் இருந்த மண்ணிறக் குளிசை ஏழும் எதற்கு என்று அவள் கேட்டாள். அது வெறும் இரும்புச் சத்து, நீ அதையும் போடு, இவாதான் அதை விடவேணும் என்று வித்தியாசத்தையும் சொல்லிக் கொடுத்தார். டொக்டர் எனக்கு ஒருமுறை சொன்னதை சிஸ்டர் என்னைவிட நன்றாகப் பாடமாக்கியிருந்தார். மற்றப் பெண்ணும் தலையை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் அந்தப் பெட்டியைச் சட்டைப் பொக்கற்றுக்குள் வைத்தாள். மிச்சம் ஐந்தையும் வேதப்புத்தகத்துக்குக் கீழே தானே அடுக்கி, பையைப் பூட்டித் தந்தாள்.

இரண்டு பக்கத்துக்கும் சொந்தமில்லாத அந்த ரோட்டில் பைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். வெயில். நூறு யார் வரைக்கும் சிஸ்டர் செபமாலை உருட்டினார். பிறகு நின்றார்.

"இதை நான் பாவசங்கீர்த்தனத்தில என்னெண்டு சொல்லுறது?"

அதோடு எங்கள் இருவருக்கும் கால் நடக்க மறுத்துவிட்டது. பையில் குந்தியிருந்து சிரித்தோம். சிஸ்டருக்கு முக்காடு கழன்றது. பின்னால் வந்த சனம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. ஒரு பெண், ஆமி அடிச்சவங்களோ என்று கவலையாகக் கேட்டுவிட்டுப் போனாள். இல்லை என்று தலையாட்டத்தான் முடிந்தது.

சிரித்து முடிந்ததும் சிஸ்டர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு காரியத்துக்கு வந்தார். இரும்புக் குளிசையை விட்டு இடைவிடாமல் போட்டால் ஐந்து பெட்டி மூன்று மாதத்துக்குக் காணும். அதற்குப் பிறகு திரும்ப வவுனியா வரவேண்டும். வருவதற்குப் பாஸ் வேண்டும். பாஸுக்கு அழைத்தல் வேண்டும்.

"பிள்ளை, நீ அழைத்தலைப் பற்றி யோசிச்சுக்கொண்டுதானே இருக்கிறாய்?"

"இப்ப நீங்கள் கேட்டாப்பிறகு யோசிக்கிறன் சிஸ்டர்."

"அவசரப்படாதை. சிலருக்கு வருசக்கணக்கா எடுக்கும்."

மல்லாவிக்கு வந்ததும் அவர் சுவாமியாருக்கு எழுதிக் கொடுத்தார்: இந்தப் பிள்ளை இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறா, அடுத்த முறையும் கூட்டிப்போக வேண்டும். அதில் பொய் ஒன்றும் இல்லை. நான் உண்மையாகவே யோசித்துப் பார்த்தேன். மூன்று நிமிடம்.

அடுத்த பதினேழாம் திகதி வந்தது. விடியக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன், வலைக்காரரை எதிர்பார்த்து. வந்தார்கள்தான். ஆனால் பாதிப்பேர்கூட வேலைக்கு வரவில்லை, வந்தவர்களும் கயிற்றைச் சும்மா பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் எழும்பிப் பல் தீட்டினேன். பாண் சாப்பிட்டேன். சத்தி வரவில்லை. ஒரு முழு நாள் கையில் இருந்தது, அதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவின் சாப்பாட்டைச் சைக்கிளில் வவுனிக்குளத்துக்குக் கொண்டுபோனேன். திரும்பி வந்தேன். எதற்கென்று தெரியாமல் இன்னொருக்கால் போனேன். அப்பா என்னைப் பார்த்துவிட்டு, நான் சாப்பிட்டிட்டன் என்றார். தெரியும் என்று சொல்லிவிட்டு, அணைக்கட்டில் ஒரு கையை விட்டுச் சைக்கிள் ஓடினேன், பிறகு இரண்டு கையையும் விட்டேன், பிறகு விழுந்தேன். முழங்கால் உரிந்தது. காயம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருந்தது எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

அம்மாவுக்கு மட்டும் முகம் சரியில்லை. பதினேழு போனது, பதினெட்டுப் போனது, நான் கோயில் பக்கமே போகவில்லை. வவுனியாவுக்குப் போய் வந்த பிறகு பிள்ளைக்கு விசுவாசம் குறைந்துவிட்டது என்று விமலேஸ்வரி அக்காவிடம் முறைப்பட்டார். பட்டணத்துக்குப் போனால் அப்படித்தான் என்று அவர் ஆறுதல் சொன்னார்.

அந்தப் பேச்சைத் தாங்கமுடியாமல் பத்தொன்பதாம் திகதி வாளியும் தும்புத்தடியும் எடுத்துக்கொண்டு கோயிலைக் கழுவப் போனேன். பீடத்துக்கு முன்னால் என்னுடைய இடம். மாதக்கணக்காகக் கன்னத்தை வைத்துக் கிடந்த இடம். ஒவ்வொரு கீறலும் தெரியும் என்று நினைத்திருந்தேன். நின்றபடி பார்த்தால் நடுவில் களஞ்சியக் காலத்துப் பெரிய கறுப்பு எழுத்தில், காலணியுடன் ஏறக்கூடாது, ஈர நெல் ஏற்கப்படமாட்டாது என்று எழுதியிருந்தது.

இரண்டு வாளித் தண்ணீரை அதன்மேல் ஊற்றிவிட்டு, செருப்போடு ஏறி நின்று தேய்த்தேன்.